இரண்டா, பதின்மூன்றா? டஸ்கலூசா பயணக் குறிப்புகள்

நாள் 1: ஆகஸ்ட் 2, 2018, வியாழன். ஹூஸ்டனிலிருந்து பேட்டன் ரூஜ்

காலை ஐந்தரைக்கே ஹூஸ்டனுக்கு மேற்கே உள்ள கேட்டியிலிருந்து கிளம்பிவிட்டோம். ஹூஸ்டனின் குறுக்கே ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் போனால் ஒரு மணி நேரத்தில் சேனல்வியூ வருகிறது. பக்கத்திலேயே கப்பல் கால்வாய், எண்ணெய் ஆலைகளின் புகைபோக்கிகள், சாலை நெடுக லாரிகள். ஹூஸ்டன்காரர்கள் யாரும் சுற்றிப் பார்க்கப் போகும் ஊர் இல்லை. ஆனால் எங்கள் பயணத்தின் முதல் நிறுத்தமாக நான் அதைத்தான் வைத்திருந்தேன். அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் வீரன் ஜேலன் ஹர்ட்ஸ் வளர்ந்த ஊர் அது.

ஜேலனின் அப்பா ஏவரியன் ஹர்ட்ஸ்தான் சேனல்வியூ உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் கோச். அப்பாவிடமே ஆடக் கற்றுக்கொண்டு, 2016இல் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போனான் ஜேலன். நாங்கள் போன நேரத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். "இதுக்கா அஞ்சு மணிக்கு எழுப்பினே?" என்றான் கவின். அவனுக்குப் பதினொரு வயது. அவன், அதே அணியில் ஜேலனின் இடத்துக்குப் போட்டிபோடும் துவாவின் கட்சி.

சரி, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். 2009 முதல் 2011 வரை டஸ்கலூசாவில், அலபாமா பல்கலைக்கழகத்தில், சிவில் எஞ்சினியரிங் முதுகலை படித்தேன். மதுரையிலிருந்து போனவளுக்கு அமெரிக்க ஃபுட்பால் ஒன்றுமே புரியவில்லை. ஆனால் அந்த ஊரில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மளிகைக் கடையில், பேருந்தில், ஆய்வுக்கூடத்தில் வேறு பேச்சே கிடையாது. நான் போய்ச் சேர்ந்த வருடமே அலபாமா தேசிய சாம்பியன் ஆனது. அதற்குள் நானும் அந்தப் பேச்சில் கலந்துவிட்டேன். இன்றுவரை வெளியே வரவில்லை.

இந்த ஆட்டத்தில் களத்தில் பதினொரு பேர் என்றாலும், ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் கைக்கு. எறிவதா, ஓடுவதா, இன்னொருவனிடம் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுப்பவன் அவன். மற்ற இடங்களில் ஆள் மாற்றி மாற்றி ஆடலாம். இந்த இடத்தில் ஒருவன்தான். நம் ஊர்க் கணக்கில் விக்கெட் கீப்பர் மாதிரி. சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக் 2004இல் தோனிக்குச் சில மாதங்கள் முன்னாலேயே இந்திய அணிக்கு வந்தவர். தோனி வந்தார், கதவு சாத்திக்கொண்டது. அவரிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் இடம் ஒன்றுதான் இருந்தது.

அலபாமாவில் இப்போது அதே கதை. ஜேலன், எண் 2. முதல் வருடத்திலேயே குவார்ட்டர்பேக் ஆனான். தொடங்கி ஆடிய 28 ஆட்டங்களில் 26 வெற்றி, 2 தோல்வி. இந்த ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதி ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்தபோது 13-0 என்று பின்தங்கியிருந்தோம். கோச் நிக் சேபன் ஜேலனை உட்காரவைத்துவிட்டு, அதுவரை பெரிய ஆட்டம் எதையும் தொடங்கியிராத முதலாண்டு மாணவன் துவா டாகோவைலோவாவை இறக்கினார். எண் 13, ஹவாய்ப் பையன், இடது கைக்காரன். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே துவா எதிரணியிடம் மாட்டி 16 கஜம் பின்னால் தள்ளப்பட்டான். எல்லாம் முடிந்தது என்று நான் முகத்தை மூடிக்கொண்டேன். அடுத்த பந்தை 41 கஜம் எறிந்தான். டிவோன்டா ஸ்மித் பிடித்தான். 26-23. சாம்பியன்.

அந்த இரவில் எல்லாரும் துவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரத்தில் நின்ற ஜேலனைப் பார்த்தேன். இடம் பறிபோன ஒரு மணி நேரத்துக்குள், தன் இடத்தில் ஆடுகிறவனைத் தட்டிக்கொடுத்துத் துள்ளிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது! அன்றிலிருந்து நான் ஜேலன் பக்கம்.

ஏழு மாதமாகியும் அந்த இடம் யாருக்கு என்று சேபன் சொல்லவில்லை. வசந்தகாலப் பயிற்சியின் தொடக்கத்திலேயே துவாவின் இடது கையில் அடிபட்டுவிட்டதால், அப்போதும் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. நாளை ஆகஸ்ட் பயிற்சி தொடங்குகிறது. சனிக்கிழமை ரசிகர் நாள். வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும் பயிற்சியை அன்று ஒருநாள் ஸ்டேடியத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மற்றபடி இன்று சாலைதான். என் கணவர் எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட் வர்ணனையைக் காதில் மாட்டிக்கொண்டே ஓட்டினார். தினேஷ் கார்த்திக் ரன் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார் என்றதும் வண்டிக்குள் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கோலி 149 அடித்து அதைச் சரிக்கட்டினார். லஃபாயெட்டுக்கு முன்னால் ஸ்காட் என்கிற சிற்றூரில் பூடான் சாப்பிட்டோம். பன்றி இறைச்சியோடு சோறும் மசாலாவும் சேர்த்துக் குடலுக்குள் அடைத்து அவிப்பது. சோறு இருக்கும் எதையும் கவின் மறுக்கமாட்டான். அதற்கப்புறம் அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம். இருபுறமும் நீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், வெள்ளைக் கொக்குகள்.

மாலை பேட்டன் ரூஜில் எல்எஸ்யூ, அதாவது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனோம். எங்களுக்குப் பரம எதிரிகள். ஆனாலும் ஸ்டேடியத்துக்கு எதிரே உயிருள்ள புலி ஒன்றை வளர்க்கிறார்கள் என்றால் பார்க்காமல் எப்படிப் போவது? மைக் என்று பெயர், ஏழாவது மைக். வெயிலுக்கு நீரோரமாகப் படுத்துக் கிடந்தது. சேபன் அலபாமாவுக்கு வருமுன் இங்கே கோச்சாக இருந்து 2003 சீசனில் இவர்களைச் சாம்பியன் ஆக்கியவர். அதை இவர்கள் இன்னும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

கவினின் டஸ்கலூசா பனியனைப் பார்த்துப் புலிக்கூண்டருகே ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். இவர்களிடமும் குவார்ட்டர்பேக் போட்டி நடக்கிறது. நான்கு பேர். அதில் ஜோ பரோ என்பவன் ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் இந்த மே மாதம்தான் இங்கே மாறி வந்திருக்கிறான். "உங்களிடம் இரண்டு பேர் இருப்பது பிரச்சினையா? எங்களுக்கு ஒருவன் கிடைத்தால் போதும்" என்றார். நல்ல மனிதர். அவருடைய பரோவுக்கு இங்கே இடம் கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் 2: ஆகஸ்ட் 3, வெள்ளி. பேட்டன் ரூஜிலிருந்து டஸ்கலூசா

மிசிசிப்பியின் பைன் காடுகளுக்கு நடுவே ஐ-59இல் நாள் பாதி கழிந்தது. ஹாட்டிஸ்பர்க், லாரல், மெரிடியன். எழுத ஒன்றுமில்லை. மழை கொஞ்சம்.

வண்டியில் வாக்குவாதம் மட்டும் ஓயவில்லை. கவின் துவா கட்சியானதற்குக் காரணம் எளிது. அவனும் இடது கைக்காரன். மதுரையில் பாட்டி அவனைப் பார்க்கும்போதெல்லாம் தட்டில் வலது கையை வைக்கச் சொல்வாள். எழுதும்போதும் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணிப்பாள். வெறுப்பில்லை, பழக்கம். அந்தப் பையன் தொலைக்காட்சியில், கோடிக்கணக்கானவர்கள் பார்க்க, இடது கையால் ஒருவன் பந்தெறிந்து சாம்பியன் ஆவதைப் பார்த்துவிட்டான். அப்புறம் அவனை யார் மாற்றுவது?

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. துவா பிறவியில் வலது கைக்காரன். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கையால்தான். அவன் அப்பா இடது கைக்காரர். வீட்டில் தன்னைப் போல் இன்னொருவர் வேண்டும் என்று, சிறுவயதிலேயே மகனை இடது கையால் எறியப் பழக்கிவிட்டார். இதை நான் சொன்னபோது கவின் நம்பவில்லை. நம்பியதும், "பாட்டிக்கு போன் பண்ணு" என்றான். மதுரையில் இரவு நேரம். அம்மா தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். காவேரி மருத்துவமனையில் கலைஞர் எப்படி இருக்கிறார் என்று ஊரே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறதாம். பேரன் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டு, "எறியறது எந்தக் கையில வேணா எறியட்டும்டா, சோறு வலது கையில" என்றாள்.

துவாவின் குடும்பமே ஹவாயின் ஈவா பீச்சிலிருந்து அலபாமாவுக்குக் குடிமாறி, பர்மிங்ஹாம் பக்கத்தில் அலபாஸ்டரில் இருக்கிறது. மகன் ஆடுவதற்காகக் கடல் தாண்டி வீட்டையே தூக்கிக்கொண்டு வந்தவர்கள். சேனல்வியூ அப்பாவையும் ஈவா பீச் அப்பாவையும் சேர்த்து நினைத்தால் எனக்கு யார் பக்கம் நிற்பது என்றே குழம்பிவிடும். ஆனால் நின்றாகிவிட்டது.

மூன்று மணிக்கு மேல் டஸ்கலூசாவுக்குள் நுழைந்தோம். சாக்டா மொழியில் கருப்பு வீரன் என்று பொருள்படும் பூர்வகுடித் தலைவனின் பெயர் இந்த ஊருக்கு. ஊரோரம் ஓடும் ஆற்றுக்கும் பிளாக் வாரியர் என்றே பெயர். மக்ஃபார்லண்ட் சாலையும் பதினைந்தாம் தெருவும் சேரும் இடம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

2011 ஏப்ரல் 27 அன்று சூறாவளி இந்தச் சந்திப்பின் வழியாகத்தான் போனது. அன்று மாலை நான் நண்பர்களோடு குளியலறைத் தொட்டிக்குள் ஒரு மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்தபோது தெரிந்த தெருக்கள் எதுவும் அடையாளம் தெரியவில்லை. மரம் இல்லை, கடை இல்லை, திசையே இல்லை. தேர்வுகள் ரத்தாகின. மே மாதப் பட்டமளிப்பு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அந்த ஆகஸ்டில் பட்டம் வாங்கத் திரும்பி வந்தபோது, இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் என்னிடம் பேசியது குவார்ட்டர்பேக் போட்டியைப் பற்றி. ஏ.ஜே. மெக்காரனா, ஃபில் சிம்ஸா? வீட்டை இழந்த ஒரு அம்மாள் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னிடம் மெக்காரனுக்காக வாதாடினாள். அதை இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களிடம் சொன்னால் புரியாது. செப்டம்பரில் ஏதோ ஒன்று நிச்சயமாக வரும் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் அந்தக் கோடையைக் கடந்தார்கள். அந்த சீசனிலும் சாம்பியன் ஆனோம். மெக்காரன்தான்.

இப்போது அங்கே புதுக் கடைகள் வந்துவிட்டன. மரங்கள் மட்டும் இன்னும் இளசு.

இன்று முதல் பயிற்சி. பயிற்சி மைதானத்தைச் சுற்றி வேலி, வேலிக்குத் திரை. செய்தியாளர்களுக்கே சில நிமிடங்கள்தான் அனுமதி. அவர்கள் எடுத்த துண்டுக் காட்சிகளை விடுதி அறையில் மூவரும் ஒரே போனில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். குவார்ட்டர்பேக்குகள் கருப்பு ஜெர்சியில் இருந்தார்கள். கருப்பு போட்டவனைப் பயிற்சியில் யாரும் மோதிச் சாய்க்கக் கூடாது. யார் முதலில் எறிகிறான், யார் அடுத்து என்று கவின் நோட்டில் குறித்துக்கொண்டான். முதல் நாள் வரிசைக்கு ஒரு பொருளும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.

நாள் 3: ஆகஸ்ட் 4, சனி. ரசிகர் நாள்

காலையில் ஸ்டேடியத்தை ஒட்டிய ராமா ஜாமாஸ் உணவகம். சுவர், கூரை எங்கும் பழைய படங்கள், கொடிகள். உட்கார இடம் கிடைக்கவே நேரமானது. எங்களோடு மேசையைப் பகிர்ந்துகொண்டவர் எழுபதைத் தாண்டியவர். கென் ஸ்டேப்லர் ஆடியதை நேரில் பார்த்தவராம். அறுபதுகளில் அலபாமாவுக்கு ஆடிய இடது கைக் குவார்ட்டர்பேக். அவருக்கு அப்புறம் துவாதான் அந்த மாதிரி என்றார். கவினுக்கு வாயெல்லாம் பல். "அப்படியானால் துவாவா?" என்று நான் கேட்டேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "26-2 என்பவனை நான் எப்படி உட்காரச் சொல்வேன் அம்மா?" என்றார். இந்த ஊரே அப்படித்தான் இருக்கிறது. வாயால் ஒருவன் பெயரைச் சொல்லும்போதே கண் இன்னொருவனுக்காக வருந்துகிறது.

அவர் நினைவுபடுத்தினார்: ஆகஸ்டில் ஜெயித்தவன்தான் டிசம்பரிலும் நிற்பான் என்று சேபன் ஒருபோதும் உறுதி சொன்னதில்லை. 2015இல் கூப்பர் பேட்மன் ஒரு ஆட்டத்தைத் தொடங்கினான், ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் தோற்றதும் இடம் ஜேக் கோக்கருக்குப் போனது. அந்த வருடம் சாம்பியன். 2016இல் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவன் பிளேக் பார்னெட். அதே ஆட்டத்தில் நடுவில் இறங்கிய முதலாண்டுப் பையன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டான். சில வாரங்களில் பார்னெட் கல்லூரியையே விட்டுப் போனான். இடத்தை எடுத்த அந்தப் பையன்தான் ஜேலன்.

இதுதான் எனக்குப் பயம். இந்த ஜூனில் விதி ஒன்று மாறியிருக்கிறது. கல்லூரி வீரனுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆட உரிமை. முன்பெல்லாம் ஒரு ஆட்டத்தில் கால் வைத்தாலே ஒரு சீசன் கணக்கில் போய்விடும். இனி நான்கு ஆட்டம் வரை ஆடலாம், சீசன் கழியாது. ஜேலனோ இந்த டிசம்பரிலேயே பட்டம் வாங்கிவிடுவான். பட்டம் வாங்கியவன் வேறு கல்லூரிக்குப் போனால் காத்திருக்காமல் உடனே ஆடலாம். அதாவது அவன் நான்கு ஆட்டத்தோடு ஒதுங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு வேறு நிற ஜெர்சியில் நிற்கலாம். மகனுக்கு இடம் இல்லையென்றால் எந்த அணிக்கும் போகக்கூடியவர்களில் கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே பெரிய ஆள் அவன்தான் என்கிற பொருளில் ஏவரியன் ஏப்ரலில் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். ஜூலையில் அட்லாண்டாவில் செய்தியாளர்கள் சேபனைத் துளைத்தபோது, இருவருக்கும் நியாயமான வாய்ப்பு தருவதுதான் எங்கள் வேலை என்பதற்கு மேல் அவர் போகவில்லை.

ஸ்டேடியத்துக்கு வெளியே சாம்பியன் பட்டம் வென்ற ஐந்து கோச்சுகளின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஐந்தாவது சேபன். உயிரோடு இருக்கும்போதே, வேலையில் இருக்கும்போதே சிலை. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனோம். பிரையன்ட்-டென்னி ஸ்டேடியத்தில் 1,01,821 பேர் உட்காரலாம். கீழ்த்தட்டில் வெயில் உறைத்த பக்கத்தைத் தவிர எங்கும் மக்கள். எங்கே திரும்பினாலும் யானை: தொப்பியில், பையில், குழந்தையின் கன்னத்தில். 1930இல் ஒரு பத்திரிகையாளர் இந்த அணியின் பருத்த ஆட்களைச் சிவப்பு யானைகள் என்று எழுதப்போக, யானையே சின்னமாகிவிட்டது. முதல் வருடத்தில் ஊர் நினைவு வந்து நான் அழாமல் இருந்ததற்கு அந்த யானையும் ஒரு காரணம். மீனாட்சியம்மன் கோயில் யானையிடம் ஆசி வாங்கி வளர்ந்தவள் நான்.

முதுகில் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 13 நிறைய. 2 அதைவிடக் குறைவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு தம்பதி. அவருக்கு 2, அந்த அம்மாளுக்கு 13. எங்கள் வீட்டைப் போல.

இது இரண்டாம் நாள் பயிற்சி என்பதால் தலைக்கவசம் மட்டும். மூன்றாம் நாளில்தான் தோள் கவசம், ஐந்தாம் நாளில் முழுக் கவசம். வெயிலுக்கு உடம்பு பழகுவதற்காக வைத்த விதி. எனவே மோதல் எதுவும் இருக்காது என்று தெரிந்தே போயிருந்தோம். விசில் ஊதியதும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து ஓடினார்கள். சேபன் வைக்கோல் தொப்பியோடு நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

நான் எதிர்பார்த்தது வேறு. இருவரில் யார் மேல் என்று இன்று தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தெரிந்தது இருவரும் எவ்வளவு வேறு வேறானவர்கள் என்பதுதான். துவா எறியும்போது பந்து கையைவிட்டு எப்போது போனது என்றே தெரிவதில்லை. சின்ன உதறல், அவ்வளவுதான். பந்து மட்டும் மெல்ல எழும்பி, ஓடிக்கொண்டிருப்பவனின் தோளுக்கு மேல் வந்து இறங்குகிறது. ஜேலனின் கால்கள் பெரியவை. பள்ளியில் பளு தூக்கியவன். அவன் எறிவதைவிட, எறிவதற்கு முன் நிற்கும் நிலையைப் பார்க்கவேண்டும். வேரோடியது போல் நிற்பான். எறிந்துவிட்டு அடுத்தவனுக்கு இடம் விட்டு விலகி, கைகட்டிக்கொண்டு பார்ப்பான். அடுத்தவன் துவா. எறிந்து முடித்து விலகும்போது இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பைனாகுலர் இல்லாமலே எனக்கு அது தெரிந்தது. என்ன பேசியிருப்பார்கள் என்று இந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கவின் மூன்று பத்தி போட்டு ஒவ்வொரு எறிவுக்கும் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். 13, 2, அப்புறம் 10. "பத்து யாருடா?" என்றேன். "மேக் ஜோன்ஸ். அவனும் கருப்புச் சட்டைதானே?" என்றான். ஏழு மாதமாக நான் படித்ததில், பேசியதில் அந்தப் பெயரை ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை.

கையெழுத்துக்கான வரிசை நகரவே இல்லை. இரண்டு மணி நேரம் நின்றும் குவார்ட்டர்பேக்குகள் இருந்த பக்கம் எட்ட முடியவில்லை. கவின் வருத்தப்படவில்லை. எனக்குத்தான் வருத்தம்.

இரவு விடுதிக்கு வந்து போனைத் திறந்தால், ஜேலன் இன்று செய்தியாளர்களிடம் பேசியிருக்கிறான். ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக மனம்விட்டுப் பேசியிருக்கிறான். வசந்தகாலம் முழுக்க, கோச்சுகள் உட்பட யாரும் தன்னிடம் வந்து எப்படி இருக்கிறாய், உனக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கவே இல்லை என்றான். இப்போது வந்து சரிசெய்யப் பார்த்தால் காலம் கடந்துவிட்டது என்ற பொருளில் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. டிசம்பரில் பட்டம் வாங்குவேன், அதுவரை இங்கே இருப்பேன் என்றும் சொன்னான்.

மூன்று முறை பார்த்தேன். என் கணவர், "கோச்சு மேல தப்பு இருக்கு" என்றார். இருக்கலாம். அந்த அறையின் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் என்ன செய்தேன் என்று தெரியும். எத்தனை கஜம், எத்தனை டச்டவுன், யார் போவான், யார் இருப்பான். ஏழு மாதமும் இதைத்தான் பேசினேன். அவனை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பேசினேன். செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 7, அவனுக்கு இருபது வயது நிறைகிறது. துவாவைவிட ஐந்து மாதம் இளையவன். மூத்தவன் மூத்தவன் என்று இத்தனை நாள் எழுதிய நானே இன்றுதான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

தூக்கம் வரவில்லை. இந்தியா எட்ஜ்பாஸ்டனில் 31 ரன்னில் தோற்ற செய்தியையும் அப்போதுதான் பார்த்தேன்.

நாள் 4: ஆகஸ்ட் 5, ஞாயிறு. டஸ்கலூசா, பிறகு தெற்கே

கிளம்புமுன் கவினை ஃபாஸ்டர் அரங்குக்கு அழைத்துப் போனேன். 1963 ஜூன் 11 அன்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்து நின்ற கட்டடம். வாசலுக்கு எதிரே அவர்கள் பெயரில் சதுக்கம். 1956இலேயே வந்து, கலகக் கும்பலால் விரட்டப்பட்ட ஆதரின் லூசியின் பெயரில் மணிக்கூண்டு. ஃபுட்பால் அணியில் கறுப்பின வீரர்கள் களமிறங்க 1971 ஆகவேண்டியிருந்தது. இன்று அதே பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பினப் பையனா, சமோவ வம்சாவளி ஹவாய்ப் பையனா என்று மாநிலமே உருகிக்கொண்டிருக்கிறது. கவின் வாசல்படியில் நின்று, "இவ்ளோ சின்ன கதவா?" என்றான். படங்களில் பெரிதாகத் தெரியும் கதவு.

மதியம் ட்ரீம்லாண்ட். 1958இலிருந்து ஜெருசலேம் ஹைட்ஸ் மேட்டில் விறகுப் புகை எழுப்பிக்கொண்டிருக்கும் கடை. விலா எலும்புக் கறி, சாஸ், தொட்டுக்கொள்ள வெள்ளை ரொட்டி. மாணவியாக இருந்தபோது மாதக் கடைசியில் ரொட்டியும் சாஸும் மட்டும் சாப்பிட்ட நாட்கள் உண்டு. கவின் இடது கையால் சாப்பிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பரிமாறிய பெண் ஜேலன் பேசியதைக் கேட்டிருந்தாள். தனக்கும் அதே வயதில் மகன் இருக்கிறான், படிப்புக்கு வெளியூர் போயிருக்கிறான் என்றாள். சாஸ் கிண்ணத்தை வைத்துவிட்டு, "இன்று வேலை முடிந்ததும் அவனைக் கூப்பிடப்போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரவு ஹாட்டிஸ்பர்க்கில் தங்கல்.

நாள் 5: ஆகஸ்ட் 6, திங்கள். வீடு

நீண்ட சாலை. அதே பாலம், அதே கொக்குகள், அதே பூடான். அம்மா போனில் கலைஞரைப் பற்றிச் சொன்ன செய்தி நல்லதாக இல்லை.

வரும் சனிக்கிழமை, 11ஆம் தேதி, முதல் ஸ்க்ரிம்மேஜ். தங்களுக்குள்ளேயே அணி பிரித்து முழு ஆட்டமாக ஆடிப் பார்ப்பது. அதுவும் பூட்டிய கதவுக்குள்தான். 18ஆம் தேதி இன்னொன்று. செப்டம்பர் 1 அன்று ஆர்லாண்டோவில் லூயிவில்லுக்கு எதிராக முதல் ஆட்டம். அதுவரை கசிந்துவரும் ஒவ்வொரு வரிக்கும் காத்திருப்பேன், அதை என்னால் விடமுடியாது.

சேனல்வியூ வந்தபோது பொழுது சாய்ந்து ஆலைகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். தூங்குகிறான் என்று நினைத்த கவின் பின்னாலிருந்து, "நாளைக்குத்தானே அவனுக்குப் பிறந்தநாள்?" என்றான். ஆமாம் என்றேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஏதோ எழுதினான். ஓடும் வண்டியில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. ஜேலனுக்கு வாழ்த்து, இரண்டே வரி. அதற்குக் கீழே, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி.

"முகவரி தெரியுமா?" என்று கேட்டான். பல்கலைக்கழக முகவரிக்குப் போட்டால் போய்ச்சேரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு தாளைக் கிழித்தான். "மேக் ஜோன்ஸுக்கும் ஒண்ணு" என்றான்.